சாய்த்துப் பார்த்தால்

மண்டபத்தில் கச்சான் காற்று தொடங்கிவிட்டால்
கடையின் கண்ணாடிக் கதவிலேயே உப்புப் பூக்கும்.
போன்களைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை.

எடுத்ததும் துடைக்கக் கூடாது.
வருகிறவர்களிடமெல்லாம் சொல்கிறேன், யாரும் கேட்பதில்லை.
லுங்கி நுனியால், முந்தானையால்,
எச்சில் தொட்டு, சென்ட் அடித்து,
ஒருவர் தலைவலித் தைலம் போட்டுத் தேய்த்தே கொண்டுவந்தார்.
உப்பு ஒரு கல். மணலும் கல்.
கல்லை வைத்துக் கண்ணாடியைத் தேய்த்தால்
கீறாமல் என்ன செய்யும்?

முதலில் அணைக்க வேண்டும்.
அணைந்த திரையில்தான் அழுக்கு வாய்திறக்கும்.
ஊதக் கூடாது, மூச்சில் ஈரம் இருக்கிறது;
மெல்லிய தூரிகையால் ஓரத்து மணலைத் தட்டிவிட்டு
துணியில், துணியில் மட்டும்,
பேட்டரிக்கு ஊற்றும் தண்ணீர் இரண்டு சொட்டு.
அழுத்தாமல், ஒரே பக்கமாக,
புண்ணுக்குப் பக்கத்துத் தோலைத் துடைப்பதுபோல.

அதற்கு முன் ட்யூப்லைட்டின் கீழே
ஒருமுறை சாய்த்துப் பார்ப்பேன்.
வேலைக்காகத்தான். ஆனாலும் தெரிந்துவிடுகிறது.
விசைப்படகு ஓட்டும் ஜெரோனின் திரையில்
இரண்டு விரல் விரித்த தடம், ஒரே இடத்தில் நூறு முறை:
வரைபடத்தில் எல்லைக்கோட்டைத் தேடியிருக்கிறார்.
நண்டுக் கம்பெனிப் பெண்ணின் திரையில்
ஒரு மூலை மட்டும் தேய்ந்து பளபளக்கும்,
அழைப்பை வெட்டும் சிவப்புப் பொத்தான் வரும் இடம்.
யாருடைய அழைப்பென்று நான் கேட்டதில்லை.

நேற்று கடை சாத்தும் நேரம் ஒருவர் வந்தார்.
போன் அவருடையதில்லை.
முதுகில் பட்டாம்பூச்சி ஸ்டிக்கர்,
சார்ஜ் துளையில் மரிக்கொழுந்துப் பாசியின்
காய்ந்த நூல் ஒன்று.

"வீட்டுக்காரிக்கு பேட்டர்ன் மறந்துபோச்சு.
சாச்சுப் பாத்தா கோடு தெரியுமாமே,
பாத்துச் சொல்லு தங்கச்சி."

தெரிந்தது.
பாறையில் பாசி பறித்துப் பறித்து ரேகை அழிந்த விரல்,
ரேஷன் கடை மிஷின் ஏற்றுக்கொள்ளாத விரல்,
ஒன்பது புள்ளியில் கோடு இழுத்துப் பூட்டியிருக்கிறது.
மேலிருந்து கீழே, குறுக்கே, மறுபடி மேலே.
மறந்தவள் திரையில் தடுமாறிய கோடுகள் பத்து இருக்கும்.
இதில் ஒன்றுதான்.
காலையில் இழுத்தது.

"ஒரே உப்பா இருக்குண்ணே, இருங்க" என்றேன்.
அணைத்தேன்.
தூரிகை. இரண்டு சொட்டு.
எந்தப் போனுக்கும் எடுக்காத நேரம் எடுத்தேன்.
உலர்துணியால் ஒருமுறை, இன்னொருமுறை.
சாய்த்துக் காட்டினேன்.
ட்யூப்லைட்டும் தகரக் கூரையும்
அவர் முகமும் தெரிந்தன.

"கோடு?"

"ஒண்ணும் இல்லண்ணே. அவங்களையே கேட்டுப்பாருங்க.
இருபது ரூபா."

நின்றார். கொடுத்தார்.
போகும்போது கட்டைவிரலால் திரையை ஓர் அழுத்து அழுத்தினார்;
நடுவில் அவர் ரேகை, பெரிதாக,
சுற்றுகளை எண்ணலாம்போல.

துணியை வெறும் தண்ணீரில் அலசிக் காயப்போட்டேன்.
சோப்புப் போட்டால் அடுத்த திரையில் படலம் விழும்.

இன்று காலை பாசிக்காரப் பெண்கள்
ஷேர் ஆட்டோவில் கடல்பக்கம் போனார்கள்.
எண்ணினேன். பதினொரு பேர்.
வழக்கமாக எத்தனை பேர் போவார்கள் என்று
எனக்குத் தெரியாது.