நூற்று எண்பத்தாறுக்கு ஒரே வரி

போன சீசனில்
ஒவ்வொரு கணினி முன்னாலும் உட்கார்ந்தேன்.
பென்டிரைவைச் செருகு, கிளையண்டை நிறுவு,
ஃபோல்டர் ஒன்று உண்டாக்கு, சர்வர் முகவரியைத் தட்டு,
மவுண்ட் செய், திறந்து பார், எழுந்து போ.
ஒன்றுக்கு இருபது நிமிடம்.
நூற்று எண்பத்தாறு.
மாங்கூழ் ஆலையின் பதினாலு ஷெட்டுக்கும் இடையே
நடையையும் சேர்த்தால் பதினோரு நாள்,
ஒரு ஜோடிச் செருப்பு.

அதற்கும் முந்தின வருஷம்
எடைமேடைக் கணினியின் டிஸ்க் செத்து
பர்கூர் திம்மராயனின் இரண்டு டன் மாங்காய்
எந்தக் கோப்பிலும் இல்லாமல் போனது.
கசங்கிய சீட்டைக் காட்டிக்காட்டி
அவர் கேட் முன்னால் நின்ற நாலு நாளும்
எனக்கு மதியச் சோறு இறங்கவில்லை.
எல்லாச் சீட்டும் ஒரே இடத்தில் பதியட்டும் என்று
அப்புறம் வந்ததுதான் இந்த ஏற்பாடு.

இந்த வருஷம் நடக்கப் போவதில்லை என்றேன்.
ஒரு பட்டியல், அதில் நூற்று எண்பத்தாறு பெயர்.
எல்லாப் பூட்டுக்கும் ஒரே சாவி.
நாற்பது வரிகூட இல்லாத ஒரு ஸ்கிரிப்ட்:
மேலிருந்து கீழே ஒவ்வொரு கதவாகத் தட்டி
மென்பொருளை உள்ளே வைத்து
அந்த ஒற்றை வரியை எழுதிவிட்டு
சத்தமில்லாமல் திரும்பிவரும்.

வைகாசி முதல் வெள்ளி, இரவு ஒன்பதே கால்.
என்டர் தட்டினேன்.
ஷெட் ஒன்று: சரி. சரி. சரி.
டீ ஆறுவதற்குள் ஒன்பதாவது ஷெட்.
ஒன்பது முப்பத்தொன்றுக்கு எல்லாம் முடிந்தது.
பதினோரு நாள், இப்போது பதினாறு நிமிடம்.
கிருஷ்ணகிரிக் கோட்டை மலை
எதையும் கண்டுகொள்ளாமல் இருட்டில் கிடக்க
ஸ்கூட்டியில் பாடிக்கொண்டே வீடு போனேன்.

விடிகாலை மூன்று பத்துக்குக் கரண்ட் போனது.
நாலுக்கு வந்தது.
கணினிகள் சட்டென்று எழுந்தன.
சர்வருக்குப் பெரிய உடம்பு.
தன் டிஸ்க்குகளை ஒவ்வொன்றாய் எண்ணிப் பார்த்துத்தான்
கண்ணைத் திறக்கும்.
என் வரியோ அவற்றிடம் சொல்லி வைத்திருந்தது:
அவன் வராமல் நீ எழாதே.
சற்று நேரம் பார்த்தன.
பிறகு எல்லாமே
கறுப்புத் திரையில் என் கடவுச்சொல்லைக் கேட்டபடி
நின்றுவிட்டன.

ஐந்தரைக்கு ஷம்ஷாத்தின் போன்:
"அக்கா, எடைமேடை எழுந்திரிக்கல."

காவேரிப்பட்டணம் ரோட்டில் லாரி வரிசை.
வெயிலுக்கு முன்பே பெங்களூரா மாங்காயின் பால் வாடை.
டிரைவர்கள் டயரோரம் பல் விளக்கிக்கொண்டிருந்தார்கள்.
மூன்றாவது லாரியில் திம்மராயன்.
என்னைப் பார்த்தார். ஒன்றும் கேட்கவில்லை.
சட்டைப்பையை மட்டும்
ஒருமுறை தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

ஒருமுறை எழுதினால் போதும் என்றால்
தப்பையும்
ஒருமுறை எழுதினால் போதும்.

எழாத கணினிக்கு என் சாவி எட்டாது.
ஆள்தான் போகணும்.
எலெக்ட்ரீஷியன் முனிரத்தினம் டார்ச் பிடிக்க,
எடைமேடையின் முன்னால் குந்தி உட்கார்ந்து
வரியின் கடைசியில் ஒரு சொல் சேர்த்தேன்.
அதற்கு அர்த்தம் இவ்வளவுதான்:
அவன் வராவிட்டாலும் நீ எழுந்து உன் வேலையைப் பார்.

"இத நேத்தே எழுதியிருக்கலாம்ல" என்றான்.
எழுதியிருக்கலாம்.

ஆறு பத்துக்கு முள் அசைந்தது.
மூன்றாவது லாரி: ஒன்பது டன் நானூறு கிலோ.
சீட்டை நீட்டி
"இனிமே சர்வர்லயே இருக்கும், தொலையாது" என்றேன்.
"இருக்கட்டும்.
எனக்கு இன்னொரு காப்பி போடு."
போட்டேன்.
இரண்டையும் நாலாய் மடித்து
அதே பையில் வைத்துக்கொண்டார்.

முனிரத்தினம் பட்டியலைப் புரட்டினான்.
இன்னும் நூற்று எண்பத்தைந்து.
குனிந்து
என் செருப்பு வாரைப் பார்த்தேன்.