மே/பா

செவ்வாயும் வெள்ளியும் ஒன்பது மணிக்குக்
கண்ணாடிச் சன்னலைத் தள்ளித் திறப்பேன்.
வூப்பர் ஆற்றுக்கு மேலே தொங்குரயில் போகும்.
போகிற நேரமெல்லாம் தபால் அலமாரி
கொஞ்சம் நடுங்கும்.

முந்நூற்றுப் பன்னிரண்டு பேர்
இந்த ஒரே கதவிலக்கத்தில் குடியிருக்கிறார்கள்.
ஒருவருக்கும் இங்கே கட்டில் இல்லை.
மேலே அவரவர் பெயர், கீழே எங்கள் தெரு,
நடுவில், தமிழில் நாங்கள்
மே/பா என்று எழுதுவோமே, அது.
அது இல்லாமல் வங்கிக் கணக்கு இல்லை,
மருத்துவ அட்டை இல்லை,
வேலை கேட்டுப் போனால்
பதிலை எங்கே அனுப்ப என்பார்கள்.

கடிதம் என்றால் அன்பு என்று நினைத்துத்தான்
இந்த வேலைக்கு வந்தேன்.
வருவதில் முக்கால்வாசி மஞ்சள் உறை.
நீதிமன்றம், கடன், மறுபடி நீதிமன்றம்.
நத்தாருக்கு முன் ஒரு வாழ்த்தட்டை வந்தது,
தொப்பி போட்ட பனிமனிதன்.
பெறுநர் ஓகஸ்டிலேயே இறந்திருந்தார்.
அப்படி வந்தால் என்ன செய்வதென்று
விதிப்புத்தகத்தில் இருக்கிறது.
செய்தேன்.

டெட்லெஃப் உறையைத் தொடமாட்டார்.
"நீங்களே கிழியுங்கோ" என்றுவிட்டுக்
கைகளைக் கோட்டுப் பைக்குள் திணித்தபடி
கூரையைப் பார்ப்பார்.
டிசம்பரில் நாலு நாள், குளிர் தாங்காமல்,
கடைசி ரயில் வரைக்கும் முனைக்கு முனை
சீட்டில்லாமல் போய்வந்திருக்கிறார்.
அறுபது யூரோ, நாலு தரம்.
அதற்குமேல் நினைவூட்டியதற்குக் கட்டணம்,
நினைவூட்டியதை நினைவூட்டியதற்கும்.
பக்கத்து அறையில் கடன் பார்க்கிற ஓலிக்ஸ் அம்மா
தொலைபேசியில் இருபது நிமிடம்
காத்திருப்பு இசை கேட்டு,
ஒரு வழியாக மாதம் பத்து யூரோவுக்கு
அவர்களை இறக்கினார்.
கடிதம் கோப்புக்குப் போனது.
வெறும் உறையை டெட்லெஃப் கேட்டு வாங்கினார்.
"இது எதற்கு?"
"என் பெயர் அச்சடித்திருக்கே."

மார்ச்சில் அவருக்கு ஓர் அறை கிடைத்தது.
மூன்றாம் மாடி. தபால்பெட்டிக்குத் தனித் திறப்பு.
எங்கள் பட்டியலில் நான் பெயரை வெட்டவேண்டும்.
"ஒரு மாதம் விட்டுவையுங்கோ" என்றார்,
"அந்தப் பெட்டிக்கு இன்னும் என்னைத் தெரியாது."
தட்டு ஒன்றுதான், காத்திருப்பவர் ஒன்பது பேர்.
வெட்டினேன். பென்சிலால்.

அடுத்த வெள்ளியும் வந்தார், செவ்வாயும் வந்தார்.
வரிசையில் நின்று, சன்னலடிக்கு வந்து,
ஒன்றும் கேட்காமல் விலகி,
தேத்தண்ணி குடித்துவிட்டுப் போனார்.

இன்றைக்கு அந்தத் தட்டுக்கு ஒருத்தி.
இருபத்திரண்டு வயது, காலடியில் நனைந்த நாய்.
நான் பிழைவிட்டுவிடுவேன் என்று
பெயரை எழுத்தெழுத்தாகச் சொன்னாள்.
என் பெயரையும் இந்த நாட்டுத் தபால்
பதினேழு விதமாக எழுதியிருக்கிறது;
மெதுவாகத்தான் எழுதினேன்.
அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.
"இனி யாரும் எனக்கு எழுதலாமோ?"
எழுதலாம் என்றேன்.
"இன்றைக்கேயா?"