அடித்தல்

கிடங்கில் பதினேழு கட்டுத் தாள் மீதி இருந்தது.
ஒவ்வொன்றின் தலையிலும் அரிவாள், சுத்தியல், கதிர்க்கட்டு.
அதன் கீழே
போன டிசம்பரோடு இல்லாமல் போன
ஒரு நாட்டின் பெயர்.
புதுத் தாள் அச்சிடப் பணம் வரவில்லை.
"அளவுகோல் இருக்கிறதல்லவா?" என்றார் பெக்தெமிரோவ்.

இருந்தது.
பள்ளியில் தொலைத்துவிட்டேனென்று என் மகள் நூர்ஜமால்
இரண்டு நாள் அழுத அதே மர அளவுகோல்,
என் மேசை இழுப்பறையில்.

நாரின் நதி உறைந்து கிடக்கும் மாதங்களில்
குழாயும் உறைந்த அலுவலகத்தில்
கையுறையைக் கழற்றிவிட்டு
காலை எட்டரைக்கு
நாற்பது தாளில் நாற்பது முறை
நாட்டை அடிப்பேன்.
பிறகு தட்டச்சுப் பொறியின் ரிப்பனை இறுக்கி
அதே தாளில்
புது நாட்டை அடிப்பேன்.
இரண்டுக்கும் சேர்த்து ஒரே சம்பளம்,
நான்கு மாதமாக வராதது.
ஐந்தாம் மாதம் வந்தது:
பதினொரு ஜோடி ரப்பர் காலணி,
எல்லாம் நாற்பத்தாறாம் அளவு.

பெக்தெமிரோவ் முன்பு கட்சியின் மாவட்டச் செயலாளர்.
அந்த ஆகஸ்டில் மூன்று நாள் அவருக்குக் காய்ச்சல்.
மாஸ்கோவில் ஜெயித்தது யாரென்று தெரிந்த காலையில்
குணமாகிவிட்டார்.
செப்டம்பரில் சுதந்திரத்துக்குத் தூக்கியதும்
மார்ச்சில் ஒன்றியம் நிலைக்கத் தூக்கியதும்
ஒரே கை.
இரண்டு குறிப்பையும் நான்தான் எழுதினேன்.
இரண்டிலும் ஒரே சொல்: ஒருமனதாக.

பெயரின் வாலில் இருந்த "ஓவ்" உதிர்ந்துவிட்டது.
இப்போது எஸெங்கெல்தி பெக்தெமிர் உலு.
பேச்சைத் தொடங்கும்போது மட்டும் நாக்கு வழுக்கும்.
"தோழ..."
நிறுத்துவார். தண்ணீர் குடிப்பார்.
"பெருமக்களே."
குறிப்பில் தண்ணீரை எழுதுவதில்லை.

சுவருக்குப் புதுப் படம் வந்தது. சிறியது.
பழைய சட்டத்தின் தடம்
நான்கு பக்கமும் அதற்கு வெளியே தெரிந்தது.
பெரிய படம் கேட்டு மனு.
அதையும் நான்தான் அடித்தேன்.

பதிவறை எர்னா வீபே ஜெர்மனிக்குப் போனாள்,
பிறந்ததிலிருந்து பார்த்திராத தாய்நாட்டுக்கு.
அடுத்தவர்களின் இனம் எதுவென்று
முப்பது வருஷம் கட்டம் நிரப்பியவள்.
சாவிக்கொத்தையும் ஒரு கள்ளிச்செடியையும்
என்னிடம் தந்தாள்.
"இரண்டுக்கும் தண்ணீர் வேண்டாம்" என்றாள்.
பேருந்து வரும்வரை நாங்கள் இருவரும்
அதற்குச் சிரித்துக்கொண்டே நின்றோம்.

பிறகு தேர்தல்.
மாவட்டத் தலைவருக்கு. சீட்டில் ஒரே பெயர்.
வேண்டாதவரின் பெயரை அடிக்க வேண்டும்,
வேண்டியவரைத் தொடாமல் விட வேண்டும்.
பழைய விதி. தாளைப் போலவே அதுவும் மீதி.
வெள்ளிக்கிழமையே முடிவைக் கையில் தந்தார்:
தொண்ணூற்றேழு புள்ளி நான்கு.
"நூறு வேண்டாம்,
இப்போது ஜனநாயகம்."

ஞாயிறு.
திரைக்குப் பின்னால் நூலில் தொங்கிய பேனாவில்
மை இல்லை.
என் பையில் பேனா இருந்தது. அளவுகோலும்.
அடித்தேன்.
இரண்டு வருஷம் பழகிய கை, கோணாத கோடு.
அடுத்த திரையில் யாரோ
தேவைக்கு மேல் இருமினார்கள்.

மாலையில் யாரும் எண்ணவில்லை.
நிலக்கரி வராத குளிர்காலம்,
பெட்டியைத் தூக்கிக்கொண்டு
அடுப்பறைப் பக்கம் போனார்கள்.
ஒன்பது மணிக்கு என்னை அழைத்தார்.
வெள்ளிக்கிழமை எண்ணைச் சுத்தமாக,
மூன்று பிரதி.

தாளை எடுத்தேன்.
அளவுகோலை எடுக்கவில்லை.
அரிவாள், சுத்தியல், கதிர்க்கட்டு,
இல்லாத நாட்டின் பெயர்
முழுசாக, கோடில்லாமல்.
அதன் கீழே தொண்ணூற்றேழு புள்ளி நான்கு.

அவர் வாசித்தார். கையெழுத்திட்டார்.
முத்திரையில் மூச்சு ஊதி
மூன்றிலும் குத்தினார்.
விளக்குக்கு நேரே பிடித்துப் பார்த்தார்.

"இன்றைக்குத்தான்," என்றார்,
"தாள் பார்க்க ஒழுங்காக இருக்கிறது."