கொசுறு

‘ஃபிஷ் டெஸ்ட்’ என்றதும் சிரித்துவிட்டாள் சலேத்மேரி.
“மீனுக்க டெஸ்டா?
எனக்க மாப்பிளைக்க தலையிலயா?”
குளச்சல் சந்தையிலிருந்து நேரே வந்திருந்தாள்.
முழங்கையில் செதில்.

மலையையும் கோயில் கோபுரத்தையும்
ஒரே கோட்டில் நிறுத்தி
கடலடிப் பாரைக் கண்டுபிடிக்கிற தார்சியுஸ்
போன மாதம்
சொந்த வீட்டில் கழிப்பறைக்கு வழி கேட்டாராம்.

நாகர்கோவிலில், கோட்டாறு தாண்டி,
விளக்கணைத்த அறையில்
அவர் மூளைக்கட்டியின் கடுகளவை
நுண்ணோக்கியில் வைத்தேன்.
நீல நிறத்தில் குரோமோசோம்கள்.
அவற்றுக்கு வெளியே
பச்சைப் புள்ளிகள்,
முட்டத்துக் கலங்கரையிலிருந்து பார்த்தால்
ராத்திரி வள்ளங்களின் வெளிச்சம் போல.
எண்ணத் தொடங்கி எழுபதில் விட்டேன்.

கரமடி இழுக்கிற மாதிரித்தான் செல் பிரிவதும்.
இரண்டு பக்கமும் கயிறு.
ஒவ்வொரு குரோமோசோமின் இடுப்பிலும் ஒரு முடிச்சு.
கயிறு முடிச்சைப் பிடிக்கும், இழுக்கும்,
ஆளுக்குச் சரிபாதி.
பங்குச் சண்டை கிடையாது.

இவற்றுக்கு முடிச்சில்லை.
எப்போதோ முறிந்து தெறித்த துண்டொன்று
தன் இரு நுனியையும் தானே கட்டிக்கொண்டு
வளையமாகிவிட்டது.
மடியில் ஒரு மரபணு வைத்திருக்கிறது:
வளர், வளர் என்பதைத் தவிர
வேறு பேச்சு அறியாதது.
எந்தக் கயிறும் பிடிக்காததால்
விழுந்த பக்கம் விழும்.
ஒரு மகள்செல்லுக்கு அறுபது,
இன்னொருத்திக்கு மூன்று.
அறுபது வாங்கியவள் ஆடித் தீர்ப்பாள்.
மருந்து வந்து அவளைத் தேடும்போது
மூன்றுக்காரி மூச்சுக் காட்டாமல் கிடப்பாள்.
மருந்து கரையேறட்டும்,
அவளுக்குப் பேத்திகள் பிறப்பார்கள்
மடி நிறைய வளையத்தோடு.

இதையெல்லாம் எப்படிச் சொல்வது.
“கணக்குக்கு வெளியே
கொஞ்சம் கூடுதலாக்கும் கெடக்கு, எக்கா.”

“கொசுறா?”

இருபது வருடமாக இந்த வேலை.
இதைவிடச் சரியான சொல்
எனக்குக் கிடைத்ததில்லை.

“நானும் போடுவேன், ஆளுக்கு ரெண்டு சாளை கூட.
அதுல ஆரும் கெட்டுப்போனதில்ல.”
கொஞ்ச நேரம் மின்விசிறியைப் பார்த்தாள்.
“இது ஆரு போட்டது?”

ரிப்போர்ட்டில் அதற்குக் கட்டம் இல்லை.
‘பெருக்கம்: உண்டு’ என்று அடித்துக்
கையெழுத்துப் போட்டேன்.

அவள் போன பிறகுதான் கவனித்தேன்,
மேசைக்கடியில் ஒரு பாலிதீன் பை.
ராத்திரி வீட்டுக்குப் போய்
சாளையை
எண்ணாமலே அலசினேன்.