தேடியதேட்டம்

வுப்பர்டால் வரி அலுவலகம், இரண்டாம் மாடி.
யன்னலுக்கு நேரே தொங்குரயில் போகும்போது
என் தேத்தண்ணி லேசாய் நடுங்கும்.
இன்று இரண்டு கோப்புகள்.

முதலாவது மெல்லியது.
இறந்தவர் இங்கெபோர்க், தபால் நிலைய ஓய்வூதியர்.
பெறுபவர் ஸ்லாவிட்சா, மருத்துவமனைச் சலவையறையில் வேலை.
ஒரே கூரைக்குக் கீழ் பத்தொன்பது வருடம்.
உறவு என்ற கட்டத்தில்: இல்லை.
இரண்டரை அறை வீடு, ஒரு லட்சத்துப் பத்தாயிரம்.
இருபதாயிரம் கழிவு. மிச்சத்தில் நூற்றுக்கு முப்பது.
பராமரித்ததற்கு ஆதாரம் இருந்தால் இன்னும் குறைக்கலாம்.
சூப் ஊட்டியதற்கு யார் ஆதாரம் வைத்திருப்பார்?
இருபத்தேழாயிரம் என்று தட்டினேன்.

இரண்டாவதைத் தூக்க இரண்டு கை வேண்டும்.
முந்நூற்றுப் பன்னிரண்டு வீடுகள்,
ஒரே மகன், வயது இருபத்தாறு.
மூன்று வீடு என்றால் அது சொத்து.
முந்நூறைத் தாண்டினால் அது தொழில்;
தொழிலை நோகடிக்கக் கூடாதாம்.
ஆலோசகரின் கடிதம் வடிவான கடிதம்,
ஒரு காற்புள்ளி பிசகவில்லை.
செலுத்தவேண்டியது: பூச்சியம்.

பக்கத்து மேசை டீட்மார் நல்ல மனிதன்.
"செத்தவர் வரி கட்டிய காசு. இன்னொரு தரமா?" என்பான்.
கட்டியவர் போய்விட்டார், வாங்குகிறவர் ஒரு சதமும் கட்டவில்லையே.
என் சம்பளம் கைக்கு வருமுன்னரே வெட்டுப்படுகிறது,
நித்திரையில் வந்த வீட்டுக்கு மட்டும் ஏன் இத்தனை மரியாதை?
அவன் தோளைக் குலுக்கிவிட்டு ஆப்பிள் நறுக்குவான்.

யாழ்ப்பாணத்துப் பழஞ்சட்டத்தில் மூன்று சொல் உண்டு:
முதுசம், சீதனம், தேடியதேட்டம்.
நீ எங்கிருந்து வந்தாய் என்று சொத்தையே கேட்ட சட்டம்.
புருஷன் ஒப்பமில்லாமல் மனைவி காணி விற்க முடியாத சட்டமும் அதுதான்;
கொண்டாடவில்லை.
ஆனால் சேர்ந்து தேடியதற்கு அதில் ஒரு பெயராவது இருந்தது.
இந்தப் படிவம் இரத்தத்தை மட்டும் கேட்கிறது.

வெட்டவேண்டாம் என்றில்லை.
எல்லாரிடமும் வெட்டுங்கள், ஓட்டையில்லாமல்,
பெரியதிலிருந்து தொடங்கி.
இப்படி ஒரு குறிப்பு மேலிடத்துக்கு எழுதினேன்.
கிடைத்தது என்று பதில் கிடைத்தது.

ஒன்றை ஒளிக்கக்கூடாது.
போன ஞாயிறு ஹம்மில் அப்பாவின் வீட்டுக்கு
மனதுக்குள் விலை போட்டேன்.
நாலு லட்சத்துக்குள் நிற்கும் என்று தெரிந்ததும்
நிம்மதியாய்த்தான் இருந்தது.
எதிரே இருந்து அவர் உள்ளி உரித்துக்கொண்டிருந்தார்.

ஸ்லாவிட்சாவுக்கான கடிதத்தை
நாளைவரை இழுப்பறைக்குள் வைத்திருக்கிறேன்.
அதனால் ஒன்றும் மாறாது.