கொடிமலை டிக்கெட்

சனிக்கிழமை முதல் ஃபெர்ரி.
தண்ணீர்ப் போத்தல் கசிந்து
திங்கட்கிழமை அசைன்மெண்ட்
பையின் அடியில் நனைகிறது.

"எங்கள் வல்பரைசோவும் இப்படித்தான்"
என்கிறாள் ரோசியோ.
துறைமுகம், துருப்பிடித்த தகரம்,
மலையேறும் பெட்டி.
நான் நம்பவில்லை.

கொடிமலை ரயிலுக்கு நீள வரிசை.
என் ஐசிக்கு ஒரு விலை,
அவள் பாஸ்போர்ட்டுக்கு வேறொன்று.
மிச்சச் சில்லறையில்
செண்டோல் ஒன்று, கரண்டி இரண்டு.

வண்டி செங்குத்தாய் ஏறுகையில்
கண்ணை மூடிக்கொண்டாள்.
பயமா?
இல்லை, சத்தம் மட்டும் கேட்கிறேன்.
அதே சத்தமாம்.

பட்டர்வொர்த்தில் பிறந்தவள் நான்.
இருபது வருடமாய்
துணி காயப்போடும் ஜன்னலில் தெரிந்த மலை.
இன்றுதான் மேலிருந்து
அக்கரையைப் பார்க்கிறேன்.

எது உன் ஃபிளாட் என்கிறாள்.
விரலை நீட்டிவிட்டு
தேடுகிறேன்.