ஒரே சாலை

மஜுரோ தீவில் சாலை ஒன்றுதான்.
இடக்கைப் பக்கம் பெருங்கடல், வலக்கைப் பக்கம் காயல்.
திரும்பி வரும்போது தண்ணீர் கை மாறிக்கொள்ளும்.
இருபத்திரண்டு வருடம் அதில் டாக்ஸி ஓட்டியிருக்கிறேன்.
கூட்டிப் பார்த்தால்
நிலாவுக்குப் போய்த் திரும்பிய தூரம்,
இருக்கையை விட்டு எழாமலே.

காலையில் சோறும் டின் கறியும்.
மதியம் சோறும் டின் மீனும்,
மீன் துள்ளும் கடலைப் பார்த்தபடி.
கியருக்குப் பக்கத்தில் எப்போதும்
ஒரு சோடா டப்பா வியர்த்துக்கொண்டிருக்கும்.

ஹெம்டி மருத்துவமனைத் தாதி; என் பழைய சவாரி.
விரல் நுனியில் குத்தி, இயந்திரத்தைப் பார்த்து,
கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடியும் பார்த்தாள்.
"ஆறு புள்ளி ஒன்று.
சர்க்கரை நோய் இன்னும் ஏறவில்லை, லங்க்மோஸ்.
உன் டாக்ஸிக்குக் கைகாட்டியிருக்கிறது, அவ்வளவுதான்.
நிறுத்துவதும் நிறுத்தாததும் உன் பாடு."

சிக்கல் என்னவென்றால்,
கைகாட்டிய யாரையும்
நான் இதுவரை விட்டுவிட்டுப் போனதில்லை.

என் அண்ணன் ஜோர்லாங் நிறுத்தி ஏற்றிக்கொண்டவன்.
செருப்பு இன்னும் ஜோடியாகத்தான் விற்கிறார்கள்.
அவன் வீட்டில் இடது செருப்புகள்
பூவாய்ப் புதிதாய் அடுக்கியிருக்கின்றன.

முதல் நாள் சாயங்காலம் நடக்கக் கிளம்பினேன்.
டாக்ஸிகள் நின்றன.
"வண்டி பழுதா?" "பெட்ரோல் இல்லையா?"
"வீட்டில் சண்டையா?"
நடக்கத்தான் நடக்கிறேன் என்றால்
எவனுக்கும் புரியவில்லை.
நான்காவதாக அன்ஜாய்ன் நிறுத்திக் கதவைத் திறந்தான்.
ஏறிவிட்டேன். வேறென்ன செய்ய.
இரண்டாம் நாளும் ஏறினேன்.

மூன்றாம் நாள், டாக்ஸிகள் எழாத விடியல் ஐந்து மணிக்கு.
டாக்ஸிகள் தூங்கினால் நாய்கள் விழித்திருக்கும்.
இந்த ஊர் நாய்களுக்குக் காரைத் தெரியும்,
நடப்பவனைத் தெரியாது.
விமான நிலையத்து வேலிவரை
கையில் ஒரு கல்லோடு நடந்தேன்.
எறியவில்லை. வியர்த்த கல்லை வீட்டுக்கே கொண்டுவந்தேன்.

சோற்றை ஒரு பிடியாக்கு என்றாள் ஹெம்டி.
யார் பிடி என்று கேட்டேன்.
தன் கையை மூடிக் காட்டினாள்; சின்னக் கை.
டப்பாவை விட்டதுதான் கடினம்.
பதினோரு நாள் தலை வலித்தது,
சவாரிகளிடம் எரிந்து விழுந்தேன்,
சில்லறையைக்கூடத் தப்பாய்க் கொடுத்தேன்.

அப்புறம் வந்தது கெமெம்,
என் மைத்துனன் மகளுக்கு ஒரு வயது நிறைந்த விருந்து.
அங்கே தட்டை மறுப்பது முகத்தை மறுப்பது.
இரண்டு கை தாங்க வேண்டிய தட்டு:
சோற்றுக் குன்று, பன்றி விலா, நூடுல்ஸ்,
சுட்ட சீமைப்பலா, தாழம்பழம்,
எல்லாவற்றின் தலையிலும்
நீல நிறத்தில் ஒரு கேக் துண்டு.
சுட்ட மீனைக் கேட்டு வாங்கித் தின்றேன்.
சீமைப்பலாவில் ஒரு கீற்று. சோறு, ஹெம்டியின் கையளவு.
மிச்சத்தை மூடிக் கட்டினேன்;
கட்டிக்கொண்டு போவதும் வழக்கம்தானே, யாரும் முகம் சுளிக்கவில்லை.

கேக்கைத் தின்றுவிட்டேன்.
முழுவதும். நாக்குகூட நீலமானது.

பிறகு எழுந்து மண்டபத்தைச் சுற்ற ஆரம்பித்தேன்.
"எதைத் தொலைத்தாய்?" என்றாள் சித்தி நெய்ஜோன்.
"கேக்கை" என்றேன்.
சிரித்துச் சிரித்து அவளும் கூட வந்தாள்.
அன்ஜாய்ன் கேலி செய்யவே வந்தான்;
ஒன்பதாவது சுற்றில் அவனுக்குத்தான் மூச்சு வாங்கியது.

மறுநாள் ஜோர்லாங் ஆள் அனுப்பினான்.
இடது செருப்பு ஒன்றை மடியில் வைத்திருந்தான்.
"உனக்கும் இதே அளவுதானே" என்றான்.
வேறெதுவும் பேசவில்லை. ரேடியோவைச் சத்தமாக்கினான்.

ஆக, இடக்காலில் அவனுடையது நீலம்,
வலக்காலில் என்னுடையது பழுப்பு.
நான்கு மாதம் கழித்து ஐந்து புள்ளி எட்டு.
"கையை இன்னும் இறக்கவில்லை" என்றாள் ஹெம்டி.

தெரியும். தினமும் பார்க்கிறேன்,
பாலத்துக்கு இந்தப் பக்கம் நின்று
பொறுமையாகக் கைகாட்டுகிறது.
நான் டாக்ஸிக்காரன், மரியாதை தெரிந்தவன்.
யோக்வே சொல்கிறேன்,
இன்று வண்டி இல்லை என்று காலைக் காட்டுகிறேன்,
தாண்டிப் போகிறேன்.
என்னோடு பழகிவிட்ட அந்த மஞ்சள் நாய்
அதைப் பார்த்து ஒரு முறை குரைத்துவிட்டு
பின்னால் ஓடி வருகிறது.